வெட்டுவதா, விட்டுவைப்பதா?

சென்ற ஏழு வாரங்களாக இப்பகுதியில் எமது எழுத்தைக் காணாத வாசகர் சிலர் கடிதம் எழுதி விசாரித்திருக்கின்றனர். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவி, எழுதுவதற்குப் பொருள் தீர்ந்துவிட்டதோ என்று சற்றுக் குறும்பாகவே கேட்டிருக்கின்றாள். பொருள் தீரவில்லை. நாம் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பின்னர் வீட்டில் பாயும் தலையணையுமாகக் கிடந்தோம். எமது கருப்பையில் வளர்ந்திருந்த நார்க்கட்டிகளின் பொருட்டுச் சத்திரசிகிச்சை நடைபெற்றது.

தகப்பனும் பிள்ளைகளும் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இத்தகைய விடயத்தை எழுதலாமா என்று முகஞ்சுளிப்போரும் உளர். எமது மாமியார் அவர்களுள் ஒருவர். "இதையுமா புள்ள பேப்பரில போடப் போறாய்?" என்றார். போடத்தான் போகின்றோம். பேசக்கூடாத விடயம் என்று நாம் வாய்மூடி இருந்த ஈராண்டுகளில் எமது உடலிலிருந்து வீணே வழிந்த இரத்தம் எவ்வளவென்று கணக்கிடுவாரில்லை.

எமது நாற்பத்துநான்காவது வயதில் இது தொடங்கியது. ஐந்து நாளில் நிற்க வேண்டிய மாதவிடாய் ஒன்பது நாளாயிற்று. பின் பன்னிரண்டு நாளாயிற்று. இரத்தம் கட்டி கட்டியாகப் போயிற்று. வெளிர்நிறச் சேலைகள் அலுமாரிக்குள் உறங்க, மருதமுனை நெசவின் கருநீலமும் கடும்பச்சையுமே எமது பாடசாலை உடையாயின. இரண்டு பாடவேளைகளைச் சேர்ந்தாற்போல எடுக்க நேர்ந்தால், இடையில் வெளியே செல்ல முடியாதே என்ற அச்சத்தில் இலக்கணமும் மறந்துபோகும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு இரண்டு ஆண்டுகள் நாம் போகவில்லை. திருவிழாக் காலம் முழுவதும் வீட்டுப் படலையோடு நின்றுகொண்டோம். இவற்றையெல்லாம் நாம் நோயென்று எண்ணவில்லை. வயது போகின்றது, இப்படித்தான் இருக்கும் என்று எண்ணினோம். எமது அன்னையும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.

முதலில் எம்மைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்லர். எம்முடன் கற்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர், ஆசிரியர் ஓய்வறையில் எமது முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் டீச்சர், இப்புடி வெளுத்துப் போயிருக்கீங்க?" என்று கேட்டார். மறுநாள், அயல்வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க வந்த குடும்பநல மாது எமது கீழ்க்கண்ணிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, உடனே இரத்தம் சோதிக்கும்படி கூறினார். டெசிலீற்றருக்கு 7.1 கிராம் ஈமோகுளோபின் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கின்றது. மாடிப்படி ஏறுகையில் இளைத்ததும், ஒப்படைக் கொப்பிகளைத் திருத்துகையில் எழுத்துக்கள் மிதந்ததும் எதனால் என்று அன்றுதான் விளங்கிற்று.

அடுத்து ஸ்கேன் எடுத்தோம். கருப்பையில் மூன்று நார்க்கட்டிகள் இருந்தன. டாக்டர்கள் இதனைப் பைப்ரொயிட் என்பர். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவிகள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கருப்பையின் சுவர் தசையாலானது. அத்தசையின் கலமொன்று தன்போக்கிற் பெருகித் திரண்டு கட்டியாகின்றது. இது புற்றுநோயன்று, புற்றாகக் காணப்படுவது மிக மிக அரிது. ஐம்பது வயதை எட்டுமுன் வெள்ளையினப் பெண்களுள் நூற்றுக்கு எழுபதின்மர் அளவிலும், கறுப்பினப் பெண்களுள் எண்பதின்மருக்கு மேலும் இக்கட்டி உண்டாகின்றதென அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுட் பலர் அஃது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர்.

தொல்லையைத் தீர்மானிப்பது கட்டியின் பருமனைவிட அது இருக்கும் இடமே. முற்றத்து மாமரம் எவ்வளவு பருத்தாலும் வீட்டிலுள்ளோர் உண்டு உறங்கலாம். அடுப்படியின் நடுவே முளைத்த சிறு கன்று சமையலையே நிறுத்திவிடும். கருப்பையின் வெளிப்புறத்தே வளரும் பெரிய கட்டி வயிற்றைச் சிறிது தள்ளுவதோடு நிற்கக்கூடும். உட்சவ்வுக்குக் கீழே உள்வெளியை நோக்கி வளரும் கட்டியோ இரண்டு சென்ரிமீற்றரே ஆயினும் இரத்தத்தை அருவியாகப் பெருக்கும். பெண்ணின் ஈஸ்திரஜன் ஓமோனே இக்கட்டிகளுக்கு ஊட்டமாதலின், மாதவிடாய் முற்றாக நின்றபின் பெரும்பாலும் தாமாகவே சுருங்கும். எமது சங்கடம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருந்தது. நாற்பத்தாறு வயதில், இன்னும் நாலைந்து ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதா, கத்திக்கு உடன்படுவதா?

இதனை அன்று எமக்கு எவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஊரையும் பேரையும் சொல்ல விரும்பவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு நிபுணரைச் 'சனல்' செய்தோம். எமது இலக்கம் நாற்பத்துமூன்று. பிளாஸ்திக் கதிரையில் நான்கு மணிநேரம் இருந்து உள்ளே போனால், அவர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்தார், எம்மைப் பார்க்கவில்லை. "எடுக்க வேணும். எல்லாத்தையும் எடுத்திட்டா நிம்மதி. பிள்ளைகள் இருக்கினம்தானே?" என்றார். எல்லாவற்றையும் என்றால் எவற்றை என்று நாம் கேட்க வாயெடுக்குமுன் மணியை அடித்துவிட்டார். நாற்பத்துநான்காம் இலக்கம் கதவில் நின்றது. பிள்ளைகள் இருக்கின்றனர், ஆகவே இனி அஃது எதற்கு என்னும் இந்தக் கணக்கை, பொரிச்சட்டி ஓட்டையானால் வீசுவதுபோல, எவ்வளவு இலகுவாகப் போடுகின்றார்கள்!

பயந்துபோய் இரண்டாவது நிபுணரிடம் சென்றோம். அவர் சிரித்தார். இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான், வீணாக யோசிக்க வேண்டாம் என்றார். "டீச்சர்மாருக்கு யோசனை கூட" என்று எமது கணவரைப் பார்த்துச் சொல்லி, குளிசை எழுதித் தந்தார். இரத்தச் சோதனை அறிக்கை எமது கைப்பைக்குள்ளேயே இருந்தது, அவர் கேட்கவுமில்லை. மூன்றாமவர், இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள் என்று ஏசினார். ஏச்சு வாங்கவும் கட்டணம் கட்டித்தான் போனோம்.

டாக்டர்களைக் குறைகூறுவது எளிது. அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை 1951 முதல் இந்நாட்டில் இருந்து வருகின்றது. பகலில் அங்கே பணிபுரியும் நிபுணர் மாலையில் தனியாருக்கு வருகின்றார். நாமோ, அங்கே அவருக்கு நேரமில்லை, இங்கே காசு கொடுத்தால் நேரம் கிடைக்கும் என்று எண்ணிப் பின்தொடர்கின்றோம். ஒரு மாலையில் அறுபது பேரைப் பார்ப்பவரிடம் விலைக்கு வாங்கமுடியாத பொருள் நேரம் ஒன்றுதான்.

டாக்டர்கள் சொல்லாததை அயலவர் சொன்னார்கள். கருப்பையை எடுத்தால் உடல் ஊதும் என்றார் ஒருவர்; பார்வை மங்கும் என்றார் இன்னொருவர்; பரிசாரி ஒருவரிடம் கஷாயம் உண்டு என்றார் பெரியம்மா. அறிக்கையில் கருப்பையின் பருமன் பதினாறு வாரம் என்றிருந்தது. கர்ப்பக் காலத்தின் அளவைக்கொண்டு கருப்பையின் வீக்கத்தைக் குறிப்பது டாக்டர்களின் வழக்கம். எமது கணவர் தொலைபேசியில் "பதினாறு வாரமாம்" என்று தம் தமையனுக்குக் கூறியது எப்படியோ வெளியே போய், இரண்டு நாள் கழித்துக் காரைதீவிலிருந்து ஒரு மச்சாள் பலகாரத்தோடு வந்திறங்கினாள்! சிரித்த சிரிப்பில் வயிறு நொந்தது.

மேலே சொன்ன சக ஆசிரியைக்கும் இதே நோய் முன்னர் இருந்ததென்பது பின்புதான் தெரியவந்தது. அவர் மருதமுனையைச் சேர்ந்தவர், அப்போது முப்பத்தொரு வயது, பிள்ளையில்லை. கருப்பையை எடுப்பதே வழி என்று அவருக்கும் ஓரிடத்திற் சொல்லியிருக்கின்றனர். "உம்மா அழுதழுது கண் வீங்கிப் போனா. நான் அழல்ல, டீச்சர். கட்டிய மட்டும் எடுக்கேலாதான்னு கேட்டன். மறுகா இன்னொரு டாக்டர்ட்டயும் அதையே கேட்டன்," என்றார். இரண்டாமவர் ஏலும் என்றார். கட்டிகள் மட்டும் அகற்றப்பட்டன. அவருடைய மகன் இன்று ஆண்டு மூன்றிற் படிக்கின்றான்.

கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் எடுக்கும் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய விக்டர் பொனி (1872–1953) என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் மனைவி, பிள்ளைப்பேறு இல்லாத இளவயதிலேயே நார்க்கட்டியினாற் கருப்பையை இழந்தார். தம் இல்லத்தில் நேர்ந்ததைப் பிற இல்லங்களிற் தவிர்க்கவேண்டும் என்று பொனி முனைந்தார். கட்டிகளை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்துக் கருப்பையை மீண்டும் தைத்துவிடும் முறையைச் செம்மையாக்கினார். இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த அவர் ஆக்கிய கவ்வி இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. ஒரே பெண்ணின் கருப்பையிலிருந்து 225 கட்டிகளை அகற்றிக் கருப்பையை விட்டுவைத்த சாதனையும் அவருடையதே. அப்படியானால் மூன்று கட்டிக்கு எமக்கு ஏன் அந்த வழி காட்டப்படவில்லை என்ற கேள்வி எம்முள் எழுந்தது.

அக்கேள்வியோடு ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில், விடியற்காலையிலேயே துண்டு எடுத்துக் காத்திருந்தோம். அன்று இருந்த டாக்டர் சிங்களவர், தமிழ் அரைகுறை. இனி இவரிடம் என்னத்தை விளங்கிக்கொள்வது என்று மனஞ்சோர்ந்தோம். அவரோ எமது கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பென்சிலாற் கவிழ்த்த கொய்யாப்பழம் போல ஒரு கருப்பையை வரைந்தார். மூன்று வட்டங்கள் போட்டார். வெளியே இருந்ததைத் தொட்டு, "இது பிரச்சினை இல்லை" என்றார். உள்ளே துருத்திய சிறியதையும் சுவரில் இருந்த பெரியதையும் தொட்டு, "இதுதான் இரத்தம்" என்றார். ஒவ்வொரு வழியையும், அதன் நன்மையையும் கேட்டையும் விரல்விட்டுச் சொன்னார். பதினைந்து நிமிடம் சென்றது. இறுதியில், "நீங்கள் யோசித்து வாருங்கள்" என்றார். ஈராண்டு அலைச்சலில் எம்மை யோசிக்கச் சொன்ன முதல் டாக்டர் அவர்.

தமிழிற் சொல்ல ஆளில்லாமையே எமது மாதரின் குறை என்று நாம் மேடைகளிற் பேசியதுண்டு. அதற்கு ஆதாரமும் காட்டுவோம். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' முதலாய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். எமது காரைதீவு பெற்ற சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். சொற்களுக்குப் பஞ்சமில்லை; சூலகம், கருப்பை, ஓமோன் யாவும் எமது பாடநூல்களிலேயே உள்ளன. ஆயினும் எமக்கு இரண்டு நிமிடத்திற் கதவைக் காட்டிய மூவரும் நல்ல தமிழ் பேசுபவர்களே. அரைத்தமிழும் ஒரு பென்சிலும் கொண்டவர்தாம் எமக்கு விளக்கினார். மேடையில் இனி அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டோம்.

அவர் காட்டிய வழிகளை வீட்டில் நாமும் கணவரும் இருந்து ஆராய்ந்தோம். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அசிட் குளிசை முதலாவது. 1962இல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்னும் பெண் டாக்டர் தம் கணவருடன் ஆராய்ந்து கண்ட மருந்து இது. அதை நாம் உட்கொண்டோம், போக்குச் சிறிது குறைந்தது, நிற்கவில்லை. கருப்பைக்குள் வைக்கும் ஓமோன் சாதனம் பலருக்கு உதவும். எமக்கோ உள்ளே துருத்திய கட்டி அதற்கு இடங்கொடாது என்றார். கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்து அதை வாடச்செய்யும் முறை பாரிசிலிருந்து 1995இல் உலகறிய வந்தது. எமக்குக் கைக்கெட்டும் முறையாக அஃது இருக்கவில்லை. கட்டிகளை மட்டும் எடுக்கலாம். ஆயின் சுவரில் இருந்தது ஆழமானது, இரத்தச் சேதம் அதிகமாகலாம், மாதவிடாய் நிற்குமுன் புதிய கட்டிகளும் தோன்றலாம். பொறுத்திருக்கலாம், ஆயின் 7.1 என்ற எண்ணோடு நாலாண்டு பொறுப்பது எங்ஙனம்?

கடைசியில் நாம் தெரிந்தது கருப்பையை அகற்றுவதையே. முதல் டாக்டர் இரண்டு நிமிடத்திற் சொன்னதும் அதுதானே, இத்தனை அலைச்சல் எதற்கு என்று எமது மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. விடை இதுதான்: அவர் எல்லாவற்றையும் என்றார். அந்த 'எல்லாவற்றிலும்' சூலகங்கள் இரண்டும் அடங்கும் என்று பின்னரே அறிந்தோம். நோயற்ற சூலகங்களை இவ்வயதில் எடுத்தால் ஓமோன் திடீரென அற்று, உடற்சூடும் உறக்கமின்மையும் ஒரே நாளில் வந்து சேரும், எலும்பும் வலுவிழக்கும். எமது சூலகங்கள் நலமாயிருந்தன. அவை எம்மோடே இருக்கின்றன. மேலும், 7.1 ஈமோகுளோபினோடு அவசரமாக மேசையில் ஏறியிருந்தால் பிறர் இரத்தம் போத்தல் போத்தலாக ஏற்ற வேண்டி வந்திருக்கும். மூன்று மாதம் இரும்புச்சத்து ஊசியாக ஏற்றி, மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசியும் போட்டு, 11.2 ஆக்கியபின்பே சத்திரசிகிச்சை நடந்தது. இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கிவந்த எமது பேதைமையும் அப்போதுதான் தெரிந்தது. தேயிலைச்சாறு இரும்பை உடலிற் சேரவிடாது. எலுமிச்சஞ்சாறு நன்று.

சம்மதப் பத்திரத்தைத் தாதி நீட்டியபோது ஒவ்வொரு வரியாக வாசித்தே ஒப்பமிட்டோம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். தில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கு எமது நினைவில் இருந்தது. 1995 மே மாதம், நாற்பத்துநான்கு வயதுடைய மணமாகாத பெண்ணொருவர் நில்லாத மாதவிடாய்க்காக ஒரு கிளினிக்குக்குச் சென்றார். காரணத்தை அறியக் கருவி விட்டுப் பார்க்கவே அவர் உடன்பட்டிருந்தார். அவர் மயக்கத்திற் கிடக்கையில், வெளியே இருந்த முதிய தாயிடம் சம்மதம் பெற்றுக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வயதுவந்த, சுயபுத்தியுள்ள பெண்ணுக்காகத் தாய் சம்மதிக்க முடியாது. உயிராபத்து இல்லாதவிடத்து அவள் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். பரிசோதனைக்கான சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. டாக்டரின் நல்லெண்ணத்தை நீதிபதிகள் மறுக்கவில்லை. இழப்பீடு 25,000 ரூபாதான். பதின்மூன்று ஆண்டுக்கு அற்பத் தொகை.

அந்நாட்டின் நிலை அதனால் முற்றும் மாறிவிடவில்லை. பீகார், சத்தீஸ்கார், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டமை பற்றி 2013இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலிற்றான் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளை பிறப்பித்தது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் வேலைநாள் வீணாகாதிருக்கக் கருப்பையை எடுத்துவிடுவதாக 2019இல் வெளிவந்த செய்தியை வாசித்த இரவு எமக்கு உறக்கமில்லை. அவர்களுக்கு இரண்டு நிமிடமாவது கிடைத்ததோ?

எமது சத்திரசிகிச்சை ஒன்றரை மணிநேரத்தில் முடிந்தது. முதல் மூன்று நாள் இருமினால் உயிர் போகும்; தலையணையை வயிற்றோடு அணைத்து இருமக் கற்றோம். கட்டிகளின் ஆய்வறிக்கை, புற்று இல்லை என்று வந்தது. உடல் ஊதவில்லை, பார்வை மங்கவில்லை. ஒருநாள் மாலை காரணமின்றி அழுகை வந்தது; அதனையும் எழுதத்தான் வேண்டும். ஒரு மணிநேரம் அழுதோம். பின் மாமியார் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தோம்.

நாளை பாடசாலைக்குத் திரும்புகின்றோம். தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாதென்ற தடை இன்னும் சில நாட்களுக்கு உண்டு. வெள்ளைச் சேலை உடுக்கத் தடையில்லை. ஒரு சிறு முறையீடு மட்டும் எஞ்சியுள்ளது. டாக்டர் படம் வரைந்த எமது கிளினிக் கொப்பியைப் பார்த்துத் தருவதாக வாங்கிச் சென்ற மருதமுனை ஆசிரியை, அதைத் தம் ராத்தாவிடம் கொடுத்திருக்கின்றார். ராத்தாவிடமிருந்து சாய்ந்தமருதுக்கும், அங்கிருந்து நிந்தவூருக்கும் அது பயணம் போயிருப்பதாகக் கேள்வி. புதன்கிழமை கிளினிக்கிற்கு அக்கொப்பி எமக்கு வேண்டும். தற்போது வைத்திருக்கும் சகோதரி, படத்தைப் பிரதி செய்துகொண்டு, தயைகூர்ந்து செவ்வாய்க்கிழமைக்குள் சேர்ப்பிப்பாராக.